கொடை படியிறங்கும் வழி

நியூயார்க்கில் ஒன்றாம் எண் சப்வே ரயிலில் ஏறி 116ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கினால், படியேறி வெளியே வரும்போதே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாசல் எதிரே நிற்கும். ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் பிராட்வேயில் வடக்கே நாலு தெரு நடந்தேன். 120ஆம் தெருவின் வடபுறத்தில் சிவப்புச் செங்கல் கட்டடங்கள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கின்றன. கூர்ங்கூரைகள், குறுகலான ஜன்னல்கள், பல காலத்தில் பல கைகள் கட்டிச் சேர்த்த அடையாளங்கள். இதுதான் டீச்சர்ஸ் காலேஜ். ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் முதுகலை, முனைவர் பட்டம் தரும் அமெரிக்கக் கல்லூரிகளில் மிகப் பழையவற்றிலும் மிகப் பெரியவற்றிலும் ஒன்று இது.

பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. படித்த பள்ளியை மறக்காத பழைய மாணவர்களும் எங்கும் உண்டு. அந்தப் பணமும் பாசமும் ஒரு பிள்ளையின் படிப்பாக மாறுவது எப்போது, சுவராகவும் பெயர்ப்பலகையாகவும் நின்றுவிடுவது எப்போது? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் பதில் தேடிய நிலம் இது என்பதால்தான் கிழக்கு அமெரிக்காவின் இந்த மூலைக்கு வந்தேன்.

கட்டடங்களின் பெயர்களைப் படித்தாலே கொடையின் வரலாறு தெரிந்துவிடும். மேசி ஹால், கணவர் நினைவாக மனைவி கொடுத்தது. மில்பேங்க் ஹால், பெற்றோர் நினைவாக மகன் கொடுத்தது. நிலத்தை வாங்கிக் கொடுத்தவர் ஜார்ஜ் வேண்டர்பில்ட், ரயில்பாதைகளால் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பத்துப் பிள்ளை. இந்த வரிசையில் இன்னொரு பெயரும் இருக்கிறது: கிரேஸ் டாட்ஜ். அவரைப் பற்றிச் சற்று நின்றுதான் பேச வேண்டும்.

கிரேஸ் டாட்ஜின் குடும்பம் உலோக வணிகத்தில் தழைத்தது. 1880இல் அவரும் தோழிகளும் சேர்ந்து ‘கிச்சன் கார்டன்’ சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் வளரும் ஏழைச் சிறுமிகளுக்கு வீட்டு வேலைகளை விளையாட்டாகக் கற்றுத்தரும் வகுப்புகள் அவை. எமிலி ஹண்டிங்டன் என்ற ஆசிரியை வகுத்த முறை. சின்னஞ்சிறு தட்டுகள், கைக்கு அடக்கமான விளக்குமாறு, பொம்மைக் கட்டில், மடித்து விரிக்கத் துணி. பாட்டுப் பாடிக்கொண்டே சிறுமிகள் மேசை விரிப்பார்கள், படுக்கை தட்டிப் போடுவார்கள். இந்த வகுப்புகள் பெருகப் பெருக, நல்ல மனமும் பொம்மைச் சாமானும் மட்டும் போதாது, கற்பிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பது டாட்ஜுக்குத் தெளிவானது. 1884இல் சங்கம் தொழிற்கல்விச் சங்கமாக விரிந்தது. 1886இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியத்தில் முதன்முதலாக நியமிக்கப்பட்ட இரண்டு பெண்களில் ஒருவரானார் டாட்ஜ். அடுத்த ஆண்டு, 1887இல், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி பிறந்தது. அதுவே வளர்ந்து டீச்சர்ஸ் காலேஜ் ஆயிற்று. 1894இல் இந்த 120ஆம் தெருவுக்குக் குடிவந்தது.

டாட்ஜ் பணம் கொடுத்தார், பிறரிடம் கேட்டும் வாங்கினார், நெடுங்காலம் கல்லூரியின் பொருளாளராக இருந்து கணக்கும் பார்த்தார். வகுப்பிலிருந்து தொடங்கி ஆசிரியர், கல்லூரி என்று படிப்படியாக நகர்ந்த கொடை அது. எந்த வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு என்ன குறைகிறது என்று பார்த்த பிறகு எழுதப்பட்ட காசோலை. அதனால்தான் அது நிலைத்தது.

கொலம்பியாவுக்கும் டீச்சர்ஸ் காலேஜுக்கும் நடுவே இந்த ஒரு தெருதான். ஆனால் உலகிலேயே அகலமான தெரு இதுதான் என்று இங்கே பழைய சொல் ஒன்று உண்டு. பாடம் சொல்லிக்கொடுப்பதைப் படிக்கும் கல்லூரியை, தத்துவமும் இயற்பியலும் படிக்கும் பல்கலைக்கழகம் சரிசமமாக மதிக்கவில்லை என்ற மனக்குறை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அந்தத் தெருவின் இருபுறமும் பாடம் நடத்தியவர் ஜான் டூயி. 1904 முதல் 1930 வரை கொலம்பியாவில் தத்துவப் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் டீச்சர்ஸ் காலேஜில் படித்த சீனர் தாவ் சிங்ஜி. ஊருக்குத் திரும்பியவர், 1927இல் நான்ஜிங் அருகே ஒரு கிராமத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். தெருவின் தென்புறத்தில் டூயியிடம் படித்த இன்னொருவரை நமக்கு நன்றாகத் தெரியும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுண்ட் உதவித்தொகையோடு, கொலம்பியா நிற்கும் இந்தக் குன்றின் மேல் வந்து இறங்கிய பீமராவ் அம்பேத்கர். ஒரு மன்னரின் உதவித்தொகை ஓர் இளைஞனைப் படிக்க வைத்தது. அந்த இளைஞன் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அம்பேத்கரின் மார்பளவுச் சிலை இன்று கொலம்பியாவின் லேமன் நூலகத்தில் இருக்கிறது. கொடை ஒரு மனிதர் வழியாகப் பல்லாயிரம் பேருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்தப் பகுதியில் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் செங்கல் சுவர்களுக்குள் இன்னொரு வரலாறும் நடந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலம். மேற்படிப்புக்குச் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதவு கறுப்பின ஆசிரியருக்குத் திறக்காது. சேர்த்துக்கொள்வதைத் தவிர்க்கப் பல மாநிலங்கள் படிப்புச் செலவைக் கொடுத்து வெளியூருக்கு அனுப்பிவிடும். அப்படி ரயிலேறியவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் டீச்சர்ஸ் காலேஜ். பள்ளி விடுமுறை விட்டதும் கோடை வகுப்புக்கு வருவார்கள். படித்ததை எடுத்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்குத் திரும்புவார்கள். கிராமக் கல்வித் துறையில் இருந்த பேராசிரியர் மேபல் கார்னி கறுப்பினக் கல்வி பற்றிய பாடங்களை அமைத்தார்.

அவர்கள் திரும்பிப் போன ஊர்களில் இரண்டு கொடைகள் வேலை செய்துகொண்டிருந்தன. சிகாகோவின் சியர்ஸ் நிறுவனத்தை நடத்திய ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனோடு கைகோத்து, 1912 முதல் 1932 வரை கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 கிராமப் பள்ளிகள் எழ உதவினார். முழுப் பணத்தையும் அவர் கொடுக்கவில்லை. ஊரும் கொடுக்க வேண்டும், அரசும் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்த மக்கள் காசாகவும் மரமாகவும் உழைப்பாகவும் கொடுத்தது, ரோசன்வால்ட் நிதி கொடுத்ததற்குக் குறையவில்லை. பிற்காலத்தில் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, அந்தத் தலைமுறையில் தென் மாநில வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே இருந்த படிப்பு இடைவெளி குறைந்ததில் இந்தப் பள்ளிகளின் பங்கு கணிசமானது என்று தெரிந்தது.

இரண்டாவது, பிலடெல்பியாவின் ஆனா ஜீன்ஸ் என்ற மூதாட்டி 1907இல் கொடுத்த 10 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டவில்லை. அனுபவமுள்ள கறுப்பின ஆசிரியைகளைத் தேர்ந்தெடுத்து, ஊர் ஊராகப் போய் மற்ற ஆசிரியர்களுக்குத் துணை நிற்கச் சம்பளம் கொடுத்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் வர்ஜீனியா ராண்டால்ஃப் அவர்களில் முதலாமவர். ஒற்றை அறைப் பள்ளியில் தனியாகத் தவிக்கும் ஆசிரியரிடம் போய், பாடம் நடத்திக் காட்டி, சுவருக்கு வெள்ளையடித்து, பெற்றோரைக் கூட்டிப் பேசி, அடுத்த ஊருக்கு நகர்வார்கள். கொடை ஆளாக நடந்து போன காலம் அது.

டீச்சர்ஸ் காலேஜின் பழைய மாணவர்களில் ஷிர்லி சிஷம் என்ற பெயரை நியூயார்க்கில் தெரியாதவர்கள் குறைவு. பார்படோஸ், கயானா பக்கத்திலிருந்து வந்த பெற்றோருக்கு 1924இல் புரூக்ளினில் பிறந்தவர். பகலில் ஹார்லெம் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, மழலையர் கல்வியில் இங்கே முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு ஒரு பெரிய காப்பகத்தை நடத்தினார். குழந்தைகள் காப்பகத்துக்கு வேண்டியதைச் சட்டமன்றம்தான் தர முடியும் என்று அரசியலுக்குப் போனார். ஏழை மாணவர்கள் கல்லூரிக்குப் போக வழி செய்யும் ‘சீக்’ திட்டத்துக்கு மாநிலச் சட்டமன்றத்தில் உழைத்தார். 1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். 1972இல் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியிலும் நின்றார். நாடு முழுக்கக் குழந்தைகள் காப்பகம் அமைக்க அவர் பாடுபட்ட மசோதா 1971இல் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட மறுத்தார். வகுப்பறையில் கண்டதைச் சட்டமாக்கப் போராடிய பழைய மாணவி. ஒரு கல்லூரிக்கு இதைவிடப் பெரிய பெருமை வேண்டியதில்லை.

குன்றின் மேலிருந்து ஹார்லெமுக்கு இறங்க மார்னிங்சைட் பூங்காவைக் கடக்க வேண்டும். என்னோடு வந்தவர் நியூஜெர்சியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா. எங்கள் ஊர்ப் பக்கத்தவர். பூங்கா என்றால் சமதரை இல்லை. செங்குத்தான பாறைச் சரிவு. கருங்கல் படிகள் திரும்பித் திரும்பி இறங்குகின்றன. மேலே பல்கலைக்கழகம், கீழே ஹார்லெம். 1968இல் கொலம்பியா இந்தச் சரிவில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்டத் தொடங்கியது. மாணவர்களுக்கு மேலே ஒரு வாசல், ஊர் மக்களுக்குக் கீழே ஒரு வாசல் என்று திட்டம். ஊரும் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள். கட்டுமானம் நின்றது. தோண்டிய பள்ளம் இன்று ஒரு குளம். பாறையிலிருந்து சிற்றருவி விழுகிறது. ஊரைக் கேட்காமல் வரும் எந்த நன்மையும் ஊருக்கு நன்மையாகத் தெரிவதில்லை என்பதைப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று இந்தப் பாறையில் கற்றது.

படியிறங்கி 125ஆம் தெருவைப் பிடித்துக் கிழக்கே நடந்தோம். அப்பல்லோ தியேட்டர், நடைபாதையில் வாசனை எண்ணெய் விற்பவர்கள், தேவாலயத்துக்குப் போகும் தொப்பியணிந்த பாட்டிமார். மேடிசன் அவென்யூ முனையில் ஹார்லெம் சில்ட்ரன்ஸ் ஜோனின் கட்டடம். இதை வளர்த்தெடுத்தவர் ஜெஃப்ரி கேனடா. தெற்கு பிராங்க்ஸில், தாய் ஒருத்தியின் உழைப்பில் வளர்ந்த நாலு பிள்ளைகளில் ஒருவர். போடோயின் கல்லூரியில் படித்து, 1975இல் ஹார்வர்டின் கல்வியியல் கல்லூரியில் முதுகலைப் பட்டம் வாங்கினார். பிற்பாடு அவர் தேடி வந்தது பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு சிறிய அமைப்பை. 1983இல் சேர்ந்தார், 1990இல் தலைமை ஏற்றார். அதுவே வளர்ந்து ஹார்லெம் சில்ட்ரன்ஸ் ஜோன் ஆயிற்று.

தனித்தனி நல்ல காரியங்கள் போதவில்லை என்பது அவருக்குச் சீக்கிரம் புரிந்தது. மாலை வகுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்தினால் தெரு அதைக் கீழே இழுக்கிறது. ஆகவே 1997இல் 24 பிளாக் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே பிறக்கும் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை எந்த இடத்திலும் கை விடுபடாதபடி திட்டம் போட்டார். பிற்பாடு அது நூறு பிளாக் அளவுக்கு விரிந்தது. முதல் படி ‘பேபி காலேஜ்’: கருவுற்ற தாய்மாருக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கும் சனிக்கிழமை வகுப்புகள். குழந்தைக்குக் கதை படித்துக் காட்டுவது, அடிக்காமல் கண்டிப்பது, தடுப்பூசி, மூளை வளர்ச்சி. அடுத்தது மழலையர் பள்ளி. 2004இல் தொடங்கியது பிராமிஸ் அகாடமி என்ற பள்ளி.

பணம் பெரும்பாலும் வால் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தது. நிர்வாகக் குழுவின் தலைவரான முதலீட்டாளர் ஸ்டான்லி டிரக்கன்மில்லர் கேனடாவோடு ஒரே காலத்தில் போடோயினில் படித்தவர். பழைய மாணவர் உறவு இங்கே விருந்தோடு நிற்கவில்லை. பணம் கொடுத்தவர்கள் திட்டத்தைக் காகிதத்தில் எழுதச் சொன்னார்கள். ஆண்டுக்கு ஆண்டு என்ன மாறியது என்று கணக்குக் கேட்டார்கள். அந்தக் கணக்கு கசந்த நேரமும் உண்டு. நடுநிலைப் பள்ளியின் முதல் பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு தேறவில்லை. 2007இல் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்குவதைத் தள்ளிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வேறு உயர்நிலைப் பள்ளி தேட வேண்டியதாயிற்று. வாக்குக் கொடுத்து அழைத்த பிள்ளைகளை அனுப்புவது எளிதில் ஆறாத புண்.

2011இல் ஹார்வர்டின் பொருளியலாளர்கள் டாபி, ஃப்ரையர் இருவரும் பிராமிஸ் அகாடமி மாணவர்களை, சேர்க்கைக் குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். கணக்குப் பாடத்தில் கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளுக்கு இடையேயான இடைவெளியையே மூடும் அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த முன்னேற்றத்துக்குத் தெருவைச் சுற்றி நடந்த மற்ற சேவைகளைவிடப் பள்ளியே முக்கியக் காரணம் என்றும் சொன்னார்கள். சேவை முழுவதும் சேர்ந்துதான் பிள்ளையை உயர்த்தும் என்பதற்காகவே பணம் திரட்டிய அமைப்பு, அந்தக் கேள்வியைத் திறந்த வெளியில் சோதிக்க இடம் கொடுத்தது. நான் இதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மன்ஹாட்டனிலிருந்து ரயிலில் அரைமணிக்கும் குறைவான தூரத்தில், நியூவர்க். 2010 செப்டம்பரில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பர்க் இந்நகரப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் அறிவித்தார். மேயரும் ஆளுநரும் பக்கத்தில் இருக்க, ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிவிப்பு. இன்னொரு 10 கோடியைப் பிற கொடையாளர்கள் சேர்த்தார்கள். ஊர்ப் பெற்றோர்களில் பெரும்பாலோர் அதைத் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டார்கள். பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன, ஆலோசகர்களுக்குப் பெருந்தொகை போயிற்று, ஊர் பிளந்தது. ஹார்வர்டின் கல்விக் கொள்கை ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, முதலில் சரிந்த முன்னேற்றம் பிறகு ஆங்கிலத்தில் மேலேறியதையும், கணக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாததையும் காட்டியது. அத்தனை பணத்துக்கும் வேதனைக்கும் ஈடாகுமா என்ற கேள்வியை நியூவர்க் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நியூவர்க் பென் ஸ்டேஷனின் உயரமான கூடத்தில் மரப் பெஞ்சில் உட்கார்ந்து அக்காவிடம் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுப்பது அவர் பொறுப்பு.

“தம்பி, மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன். படம் போட்ட புஸ்தகத்தைக் குடுத்தா கடகடன்னு வாசிப்பான். படத்தை உள்ளங்கையால மறைச்சேன்னு வைங்க, அப்படியே நின்னுருவான். எழுத்தைப் படிக்கவே இல்ல. படத்தைப் பாத்து ஊகிச்சிருக்கான்.”

“யாருமே கவனிக்கலையாக்கா?”

“சொல்லிக்குடுத்ததே அப்படித்தானே. தெரியாத வார்த்தை வந்தா படத்தைப் பாரு, முன்னே பின்னே பாத்து ஊகின்னு. ஒன்னாங்கிளாஸ்லயே எழுத்தையும் சத்தத்தையும் சேத்துச் சொல்லிக் குடுத்திருந்தா அந்தப் பிள்ளைக்கு மூணு வருசம் போயிருக்காது.”

அக்கா சொன்னது அமெரிக்காவின் நெடிய வழக்கு ஒன்று. டீச்சர்ஸ் காலேஜிலேயே பல்லாண்டு இயங்கிய வாசிப்பு, எழுத்துத் திட்டம் நாடெங்கும் பள்ளிகளுக்குப் போனது. எழுத்தொலிப் பயிற்சியை அது போதிய அளவு தரவில்லை என்ற விமர்சனம் வலுத்து, 2023இல் அந்தத் திட்டத்தைக் கலைப்பதாகக் கல்லூரி அறிவித்தது. இத்தனைக்கும் 1967இலேயே ஜீன் சால் என்ற கல்வியியலாளர், தொடக்க வாசிப்புக்கு எழுத்தொலி முறையே அதிகம் பயன் தருகிறது என்று விரிவாக ஆராய்ந்து நூல் எழுதியிருந்தார். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது கார்னகி அறக்கட்டளை. நல்ல ஆய்வுக்குக் கிடைத்த கொடை நூலாகிவிட்டது. வகுப்பறைக்கு வர இரண்டு தலைமுறை பிடித்தது.

ஜீன் சால் பணியாற்றிய இடத்துக்குத்தான் அடுத்த ரயில். பாஸ்டனுக்கு அருகே கேம்பிரிட்ஜ். ஹார்வர்ட் ஸ்குவேரில் இறங்கி, பொதுத்திடலை ஒட்டிய கார்டன் தெருவில் நடந்தால் ஆப்பியன் வே என்ற சிறிய சந்து. அதன் இருமருங்கும் ஹார்வர்டின் கல்வியியல் கல்லூரி. தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் சேர்த்துக் கொடுத்த அதே ஹார்வர்ட்தான். ஆனால் இந்தச் சந்து நம்மவர் காதில் அதிகம் விழுந்ததில்லை. 1920இல் தொடங்கிய இந்தக் கல்லூரிதான் ஹார்வர்டில் முதன்முதலாகப் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது. ஜன்னல் குறைந்த, கோட்டை போன்ற செங்கல் கட்டடம் லார்சன் ஹால். டைம் பத்திரிகை நிறுவனத்தின் ராய் லார்சன் பெயரால் அமைந்தது. எதிரே சற்றுத் தள்ளி கட்மன் நூலகம், அதுவும் கொடையாளர் பெயர்.

இந்தச் சந்திலிருந்து புறப்பட்டு உலகையே தொட்ட ஒரு காரியம் உண்டு. 1966இல் நியூயார்க்கில் ஒரு விருந்தில் கார்னகி அறக்கட்டளையின் லாய்ட் மோரிசெட், தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜோன் கன்ஸ் கூனியிடம், தன் மூன்று வயது மகள் விடியற்காலையில் நிகழ்ச்சி தொடங்குமுன் வெறும் சோதனைப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி, இந்தப் பெட்டியால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது ‘செசமி ஸ்ட்ரீட்’. கார்னகியும் ஃபோர்டு அறக்கட்டளையும் அமெரிக்க அரசும் சேர்ந்து ஏறத்தாழ 80 லட்சம் டாலர் கொடுத்தன. ஹார்வர்ட் கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர் ஜெரால்ட் லெசர் ஆலோசகர் குழுவின் தலைவரானார். 1968 கோடையில் ஆசிரியர்கள், உளவியலாளர்கள், கதை எழுதுபவர்கள், பொம்மலாட்டக்காரர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எதைச் சொல்லிக்கொடுப்பது என்று பேச வைத்தார்.

எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் செய்த சோதனை ஒன்றை ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையைத் தொலைக்காட்சியின் முன் உட்கார வைப்பார். பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழரை விநாடிக்கு ஒரு வண்ணப்படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எப்போது பாடத்தை விட்டு அந்தப் படத்துக்குத் தாவுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வார். கண் தாவிய காட்சிகள் திருத்தப்பட்டன, அல்லது நீக்கப்பட்டன. எத்தனை பெரிய கலைஞர் எழுதியிருந்தாலும் மூன்று வயதுப் பிள்ளையின் கண்தான் தீர்ப்பு. 1969 நவம்பர் 10ஆம் நாள் ஒளிபரப்புத் தொடங்கியது. அன்று எல்லா ஊருக்கும் அலைவரிசை சரியாக எட்டவில்லை. பிற்காலத்தில் கியர்னி, லெவின் என்ற இரு பொருளியலாளர்கள், நிகழ்ச்சி திரையில் நன்றாகத் தெரிந்த ஊர்களையும் தெரியாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். நிகழ்ச்சி நன்றாகக் கிடைத்த பகுதிப் பிள்ளைகள் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் படித்தது தெரிந்தது. பையன்களிடமும் கறுப்பினப் பிள்ளைகளிடமும் பலன் கூடுதல். இந்தியாவுக்கு அது ‘கலி கலி சிம் சிம்’ என்று 2006இல் வந்தது.

இதே சந்தில் முனைவர் பட்டம் பெற்ற டெபோரா பையல் 1989இலேயே ‘பாஸி’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். நல்ல திறமையுள்ள ஏழை மாணவர்கள் தூரத்துக் கல்லூரிக்குத் தனியாகப் போய், துணையில்லாமல் பாதியில் திரும்பிவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தவர். ஒரே நகரத்து மாணவர்களைப் பத்துப் பேர் கொண்ட குழுவாக, முழுக் கல்விக்கட்டண உதவியோடு, ஒரே கல்லூரிக்கு அனுப்பும் முறையை வகுத்தார். பத்தில் ஒன்பது பேர் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். ஒரு கவனிப்பு, அதற்கேற்ற ஓர் ஏற்பாடு, அதைத் தாங்க நெடுங்காலம் பணம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

டாட்ஜின் சிறுமிகள் முதல் பையலின் பத்துப் பேர் வரை, பார்த்த எல்லாக் கதையிலும் பலித்தவற்றுக்கு ஒரே வடிவம் இருக்கிறது. வகுப்பறையில் குறையைக் கண்ணால் கண்ட ஆள் ஒருவர் இருக்கிறார். கற்பிப்பதைக் கற்றவர் அவர், அல்லது கற்றவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டவர். பணம் அவருக்குப் பின்னால் நெடுங்காலம் நிற்கிறது. ஊரும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை கற்றதா என்று அச்சமில்லாமல் அளக்கிறார்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கோடிகள் சிதறிப் போகின்றன. கிணறு வெட்ட வந்தவன் ஊற்றுக் காணும்வரை நிற்க வேண்டும்.

நமக்கு இது புதிதில்லை. 1950களின் இறுதியில், காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். மக்கள் மேசை, கரும்பலகை, கூரை, நிலம், மதிய உணவுக்கு அரிசி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ரோசன்வால்டின் தென் மாநிலங்களில் நடந்ததுபோலவே, கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஊர். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் பழைய மாணவர்களை அரசுப் பள்ளிக்கு மறுபடி அழைக்கிறது. பெஞ்சும் கழிப்பறையும் குடிநீர்த் தொட்டியும் வேண்டும்தான். அவற்றைக் கொடுப்பவர்கள் வாழ்க.

ஆனால் ஜீன்ஸ் மூதாட்டியின் பணம் ஆளாக நடந்ததுபோல நம் கொடையும் நடக்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த ஆண்டுவிழாவுக்கு முன் மூன்று காரியம் செய்யலாம். ஊர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் தமிழ்ப் பாடத்தை வாசிப்பதைக் கேட்கலாம். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குக் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரின் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஐந்தாண்டுக்குப் பொறுப்பேற்கலாம். ஆண்டு முடிவில் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்து கேட்டு, எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் இருக்கும் கூட்டத்தில் சொல்லலாம். தேறாவிட்டால் முறையை மாற்றிக்கொண்டு அடுத்த ஆண்டும் வர வேண்டும். அப்படி வருகிறவர்தான் தன் பள்ளிக்குக் கடன் தீர்த்தவர்.